ஓனர் என்ன ஆளுங்க?

(சென்னையில் நண்பர்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த சில தாவல்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'நிலமும் சாதியும்'. என் முனைவர் பட்ட ஆய்வு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நில ஆவணங்கள் பற்றியது என்பதால் 1892-இல் தொடங்கி வரிசையாகப் பேசிவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் கூட்டங்கள் முடிந்து டீ குடிக்கும்போது யாரும் என்னிடம் 1892 பற்றிக் கேட்பதில்லை. "அக்கா, ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். சரியா வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தோழர் காதில் விழுந்தால் 'நீயும் முதலாளி ஆயிட்டியா' என்பாரே என்ற கூச்சம். இன்றைக்கு அந்தக் கேள்வியையே பேசலாம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

அந்தக் கூச்சத்தில் எனக்கு உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள் யாரும் அதற்காகக் கூச்சப்பட்டதாக நான் எந்த ஆவணத்திலும் படிக்கவில்லை. பாபாசாகேப் 1930-களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். கடன்பட்டாவது சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தன்னை மறைத்துக்கொண்டு தங்கினார். தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். வீடு என்பது நமக்கு முதலீடாவதற்கு முன்பு, யாரும் வந்து வெளியே போ என்று சொல்ல முடியாத இடம்.

ஆனால் நாம் இன்றைக்குப் பேசுவது குடியிருக்கும் வீட்டைப் பற்றி அல்ல, இன்னொருவர் குடியிருக்க நாம் வாங்கும் இரண்டாவது வீட்டைப் பற்றி. அதில் கதை வேறு மாதிரிப் போகிறது. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

அப்பா ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பி ஐடி கம்பெனியில் இருக்கிறான். 2023 கடைசியில் அப்பாவின் பணிக்கொடை, பி.எஃப். எல்லாம் கைக்கு வந்தது. நாங்கள் இருப்பது சொந்தமான ஒரு சிறிய வீடு. "பேங்க்ல போட்டா கரைஞ்சிடும், ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டா வாடகையும் வரும், விலையும் ஏறும்" என்று அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. அவருடைய அப்பா, என் தாத்தா, பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த மனிதரின் மகன் தன் வீட்டுக்கு வெளியே இன்னொரு வீட்டின் சாவியை வைத்திருப்பது என்பது லாப நஷ்டக் கணக்கு மட்டுமில்லை. இதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை, கால்குலேட்டரைத்தான் எடுத்தேன்.

அந்தக் கணக்கை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. ஆவடி பக்கம், இரண்டு படுக்கையறை, கைமாறி வரும் பழைய ஃப்ளாட். விலை 45 லட்சம். அந்தப் பகுதியில் வாடகை 12,000. வருடத்துக்கு 1,44,000. போட்ட பணத்தில் இது மூன்றேகால் சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. சொத்துவரி, அசோசியேஷன் பராமரிப்பு, பெயிண்ட், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். கடன் 30 லட்சம், அன்றைக்கு வட்டி எட்டரை சதவீதம், இருபது வருடம். மாதத் தவணை 26,035 ரூபாய். அதாவது வாடகை வந்த பிறகும் மாதம் 14,000 ரூபாய் தம்பியின் சம்பளத்திலிருந்து போகும். இருபது வருட முடிவில் 30 லட்சத்துக்காக 62 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம்.

மீதி 15 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். அதோடு பத்திரச் செலவு: முத்திரைத்தாள் 5, மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 45 லட்சத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். இந்தப் பணத்துக்கு வங்கி கடன் தராது. பத்து லட்சத்துக்குள் வாங்கும் வீடாக இருந்தால் தவிர, முத்திரைச் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு விலையில் 90 சதவீதம் வரை தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். காகிதத்தில் தாராளம்தான். ஆனால் உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு தேறும் என்பது வேறு கணக்கு. தம்பிக்கு 30 லட்சம்தான் தேறியது.

"டாக்ஸ் மிச்சமாகுமே அக்கா" என்பார்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழித்து, வரும் நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுசெய்வது பழைய வரிமுறையில் உண்டு, அதுவும் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரைதான். உங்களில் பெரும்பாலோர் இப்போது இருக்கும் புதிய வரிமுறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆகவே வரி மிச்சத்துக்காக வீடு வாங்கச் சொல்லும் நண்பர் எந்த வருடத்தில் வாழ்கிறார் என்று விசாரியுங்கள்.

அப்படியென்றால் இதை ஏன் இத்தனை பேர் செய்கிறார்கள்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில். அந்த விலை ஏறும் வரைக்கும் மாதம் 14,000-ஐப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவதற்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். என் தம்பியோடு ஒரே சம்பளத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் அதே வருடம் வீடு வாங்கினான். அவனுக்கு ஊரில் இருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று முன்பணம் வந்தது. மாமனார் வீட்டிலிருந்து பத்திரச் செலவு வந்தது. சம்பளம் ஒன்றுதான், சிபில் ஸ்கோர்கூட ஏறத்தாழ ஒன்றுதான். அவன் தடுக்கி விழுந்தால் பிடிக்க ஒரு வலை இருக்கிறது. என் தம்பி விழுந்தால் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தின் மேல்தான் விழுவான்.

இதில் ஓர் இடைச்செருகல். முதலில் நாங்கள் பார்த்தது வேறு ஃப்ளாட். விற்பவர் பத்து லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார், பத்திரத்தில் மீதியைக் காட்டலாம் என்றார். வங்கிக் கடன் பத்திரத் தொகைக்குத்தான் கிடைக்கும். கணக்கில் வராத பத்து லட்சம் எந்த மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருக்கும்? எங்களிடம் இருந்ததெல்லாம் அரசாங்கம் போட்ட வெள்ளைப் பணம். ஒரே வாரத்தில் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. கறுப்புப் பணம் பற்றி ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள், அது எந்தெந்த வாசல்களை யாருக்கு மூடுகிறது என்பதைப் பேசுவதில்லை.

இனி வங்கிக் கதை. அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் போட்டுவிட வேண்டாம், ஊரில் காலனியில் நாம் கட்டிய வீட்டை அடமானம் வைத்துப் பத்து லட்சம் வாங்கலாம் என்று. நல்ல வீடு. கான்கிரீட் கட்டடம், மேலே ஓர் அறை, டைல்ஸ் போட்டது. அதைக் கட்ட அப்பாவுக்கு ஒன்பது வருடமானது. மனை, ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகத் தாத்தாவுக்குக் கொடுத்த ஒப்படைப் பட்டா.

அப்பா நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். நான் பிறந்ததிலிருந்து அவர் விபூதி பூசி நான் பார்த்ததில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

வங்கி எங்கள் சாதியைக் கேட்கவில்லை. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். வழக்கறிஞர் தாய்ப் பத்திரம் கேட்டார். அரசு கொடுத்த பட்டாவுக்கு எங்கே தாய்ப் பத்திரம்? அதற்கு முன்னால் அந்த மண்ணில் எங்களுக்குப் பெயரே இல்லையே. அடுத்து மதிப்பீட்டாளர் வந்தார். கட்டடத்தை அளந்தார், நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். அறிக்கையில் கட்டடத்துக்கு ஒரு மதிப்பு எழுதிவிட்டு, விற்பனையாகும் தன்மை என்ற இடத்தில் 'குறைவு' என்று எழுதியிருந்தார். மனு திரும்பி வந்தது.

அந்த மதிப்பீட்டாளர் பொய் எழுதவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தவணை கட்டாவிட்டால் வங்கி வீட்டை ஏலம் விட வேண்டும். காலனியில் உள்ள வீட்டை ஊர்த் தெருக்காரர் யாரும் ஏலம் எடுக்க மாட்டார். காலனிக்காரரிடம் எடுக்கப் பணமில்லை. ஆகவே சந்தை மதிப்பு குறைவு. சாதி ஊரை இரண்டாகப் பிரித்தது, அந்தப் பிரிவினை விலையாக மாறியது, அந்த விலையை ஒரு பொறியாளர் படிவத்தில் நிரப்பினார். யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை. ஒரே செங்கல், ஒரே சிமெண்ட், ஒரே கொத்தனார். தெருப் பெயர் மட்டும் வேறு.

அமெரிக்காவில் 1930-களில் அரசு ஆதரவோடு வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்றார்கள். அதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராடி 1968-இல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1975-இல் வீட்டுக் கடன் விவரங்களை வங்கிகள் வெளியிட வேண்டும் என்ற சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்குக் கடன் போகிறது, எந்தப் பகுதிக்குப் போகவில்லை என்று அங்கே ஒரு மாணவர் கணக்கெடுக்க முடியும். இங்கே யாருடைய வீட்டுக் கடன் மனு மறுக்கப்பட்டது என்பதைச் சாதிவாரியாக, பகுதிவாரியாக வெளியிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிவப்பு வரைபடம் வரைய வேண்டிய தேவையும் இங்கே இல்லை. ஊர், காலனி என்ற இரண்டு சொற்கள் போதும்.

இந்த இடத்தில் உங்களில் யாராவது, அப்படியானால் ஒப்படைப் பட்டாவில் உள்ள நிபந்தனைகளை நீக்கிவிடலாமே, எல்லோரையும்போல அடமானம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன். அப்போதுதான் என் ஆய்வுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. கைநாட்டு வாங்கி, கடனுக்கு ஈடாக, மிரட்டி, ஏமாற்றி. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்குத்தான் 1994-இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். நிபந்தனை இருக்கும்போதே இந்தக் கதி. நிபந்தனை இல்லாமல் வங்கி ஏலத்துக்குத் திறந்துவிட்டால் மிச்சமிருக்கும் மனையும் பத்து வருடத்தில் போய்விடும்.

நம் நிலத்தைக் காப்பாற்றுகிற அதே விதிதான் வங்கியின் கண்ணில் அதை மதிப்பற்றதாக்குகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, காலனி வீடுகளுக்கான கடனுக்கு அரசே ஈடுறுதி கொடுப்பதும், தவணை தவறினால் வீட்டைத் தாட்கோ போன்ற ஓர் அரசு நிறுவனம் எடுத்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கே திரும்ப ஒதுக்குவதும்தான். இது பெரிய கற்பனை ஒன்றுமில்லை. தொழில் கடன்களுக்கு அரசு ஈடுறுதி கொடுக்கிறது. வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி நாம்தான் இன்னும் கேட்கவில்லை.

இதையொட்டி, மனை வாங்கிப் போட நினைக்கிறவர்களுக்கு ஒன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் லே-அவுட் போட்டு விற்கிறார்கள். முப்பது வருட ஈசி சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றங்கள் மட்டும்தான் வரும். அரசு நூறு வருடத்துக்கு முன்பு யாருக்கு ஒப்படைத்தது என்பது அதில் வராது. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். டி.சி. என்ற இரண்டெழுத்துக் குறிப்பு பழைய பதிவேட்டில் இருந்து, எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். மறுபதிவுக்குப் பிறகு காணாமல் போயிருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் நம்மில் ஒருவர் முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கும் மனை, நம் தாத்தாவிடமிருந்து பிடுங்கிய நிலமாக இருக்கக்கூடாது இல்லையா? ஒரு நண்பர் கேட்டார், "நானும் எஸ்.சி. தானே, நான் வாங்கினா நிபந்தனைப்படி செல்லும்தானே?" என்று. நல்ல கேள்வி. ஆனால் உங்களுக்கு விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று கேளுங்கள். அவருக்கே இல்லாத உரிமையை அவர் உங்களுக்கு எப்படி விற்பார்?

சரி, ஃப்ளாட்டுக்கு வருகிறேன். ஓய்வுக்காலப் பணத்தையே போட்டு வாங்கினோம். பதிவு முடிந்த அன்று அப்பா சாவியை என் கையில் கொடுத்து "நீ முதல்ல திற" என்றார். நான் அழுதேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

வாடகைக்கு விட ஒரு புரோக்கரைப் பிடித்தோம். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், வெஜ் ஒன்லினு போட்டுடலாமா? நல்ல பார்ட்டியா வருவாங்க. ஆயிரம் ரூபா ஏத்திக்கூடக் கேக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நிற்கும் என் அப்பா ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு "சரி, போடுங்க" என்றார்.

நான் இந்த நகரத்தில் ஆய்வு மாணவியாக வந்த புதிதில் எத்தனை வீடுகளில் அந்த இரண்டு சொற்களைக் கேட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பெயரைக் கேட்பார்கள், பிடிபடாது. ஊரைக் கேட்பார்கள், பிடிபடாது. "நான்வெஜ் சாப்பிடுவீங்களா? வாரத்துல எத்தனை நாள்?" என்பார்கள். பீஃப் என்ற சொல்லை அவர்கள் உச்சரிப்பதில்லை, "எல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று அழுத்திக் கேட்பார்கள். அந்த 'எல்லாம்' எதுவென்று எனக்கும் அவர்களுக்கும் தெரியும். தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட் குழுவினர் 2012-இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு வேறாக வைத்து வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயர்களுக்குத் தடையே இல்லை. தலித் பெயர்களுக்கு மறுப்பும் கூடுதல் நிபந்தனைகளும் வந்தன. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிட மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது, தனியார் வாடகை வீடு அதில் இல்லை. பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்று ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் உண்டு. சாதியைக் காட்டி மறுக்கக்கூடாது என்று அதில் இல்லை. ஆனால் நாம் மறந்துபோன ஒரு சட்டம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. எழுபது வருடமாக இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் யாரும் சாதியைச் சொல்வதில்லை என்று நினைக்காதீர்கள், சொல்லவே தேவையில்லாமல் 'வெஜ் ஒன்லி' அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதே இரண்டு சொற்கள் இப்போது என் அப்பாவின் வீட்டு விளம்பரத்தில். அன்றிரவு சண்டை போட்டேன். "காலனிக்காரன் வீடுன்னு தெரியாம இருக்கணும்னா அதான் வழி. வெஜ்ஜுன்னு போட்டா ஓனரப் பத்தி யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அவர் குடிவருகிறவரை வடிகட்டப் போட்ட வலை அல்ல அது, தன்னை மறைத்துக்கொள்ளப் போட்ட திரை. "நீ மேடையில பேசிட்டுப் போயிடுவ. தவணை கட்டறவன் உன் தம்பி" என்றும் சொன்னார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

திரை வேலை செய்யவில்லை. ஒரு குடும்பம் வந்தது, வீடு பிடித்திருந்தது, அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்த்தார்கள். பிறகு வரவில்லை. புரோக்கர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அவங்க மாமனார் போன்ல கேட்டார், ஓனர் என்ன ஆளுங்கனு. நான் தெரியாதுன்னுட்டேன். அவரே எங்கயோ விசாரிச்சுட்டாரு." வாடகைக்கு இருப்பவரின் சாதியைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் சாதியும் கேட்கப்படும், அதற்கும் ஒரு விலை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. நமக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதும் கஷ்டம், நாம் வாங்கிய வீட்டுக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். முதலீட்டு ஆலோசனை சொல்லும் யூடியூப்காரர் யாரும் இந்த இடரைத் தன் எக்செல் தாளில் சேர்ப்பதில்லை.

இரண்டு மாதம் வீடு காலி. தவணை 52,000 ரூபாய் போய்விட்டது. அப்போது ஒரு தம்பதி வந்தார்கள். அவர் துப்புரவுப் பணியில் ஒப்பந்த மேற்பார்வையாளர், மனைவி ஒரு மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங், பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. புரோக்கர் வெஜ் பற்றிக் கேட்கவே இல்லை, அவருக்கும் அலுத்துவிட்டது. அவர்கள் போன பிறகு அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்குள்ள தெலுங்கு பேசிக்கிறாங்கம்மா."

அவர் என்ன சொல்கிறார் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அருந்ததியர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எங்களுக்கு 'எல்லாம் சாப்பிடுவீங்களா' எப்படியோ, அப்படி அவர்களுக்கு இது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நான் எத்தனையோ கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தது. "அசோசியேஷன்ல என்ன சொல்லுவாங்களோ" என்று அவர் இழுத்தார். விபூதி பூசிக்கொண்டு வங்கிக்குப் போன மனிதர். அதைச் சொல்லிக் குத்திக்காட்ட வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

பெரிய மனமாற்றம் எதுவும் நடக்கவில்லை. அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு கேட்டீங்களா? பக்கத்துல இருக்கான்னு பாருங்க" என்றார், அவர்கள் வந்துவிட்டதுபோல. மூன்றாவது மாதத் தவணைக்கு முந்தின நாள் தம்பி போன் பண்ணி, "அப்பா, குடுத்துடுங்கப்பா. என்னால முழுசும் கட்ட முடியாது" என்றான். கொடுத்தோம். சாதியை நாங்கள் வென்றோம் என்று சொல்லமாட்டேன். அந்த மாதம் வங்கித் தவணை சாதியைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அசோசியேஷன் செயலாளர் தம்பியிடம் "குடிவந்தவங்க யாருங்க?" என்று ஒரு முறை கேட்டார். "வாடகை குடுக்கறவங்க" என்றான் தம்பி. இதுவரை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகை வந்துவிடுகிறது.

ஆகவே வீடு வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்துவைக்க முடியாவிட்டால் வாங்காதீர்கள். நம் வீடுகள் மற்றவர்கள் வீட்டைவிடக் கூடுதல் மாதம் காலியாகக் கிடக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். வாங்கினால், விளம்பரத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். முன்பணம் மூன்று மாதம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். முதலில் யார் வந்து சரியான வாடகை பேசுகிறார்களோ அவர்களுக்கே என்று முன்கூட்டியே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், ஆள் வந்து உட்கார்ந்த பிறகு அல்ல. நாங்கள் அப்படிப் பேசியிருந்தால் அந்த இரண்டு மாதமும் அந்தச் சண்டையும் மிச்சமாகியிருக்கும்.

இதையெல்லாம் இங்கே பேசலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். முழுவதையும் படித்துக் காட்டினேன். விபூதியைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: "நான் 'சரி, போடுங்க'ன்னு சொல்லல. 'உங்க இஷ்டம்'னுதான் சொன்னேன்."

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே. பட்டா நகல் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு கொஞ்சம் இருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.